இடது பக்கம் பாடாத ஹெட்போன்

வுசாகிலே, கிட்வே
1995 ஆகஸ்ட் 11

எலி தின்னிகளின் இளவரசி தியமிக்கேவுக்கு,

நீ நல்லபடியாகச் சிபாட்டா போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று பஸ் ஓட்டுநர் பண்டா சொன்னார். பெண்டாட்டி செய்தியை ஊரார் வாயால் கேட்கவேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டால் டீச்சரம்மா புருஷனுக்கும் சேர்த்து விடுமுறை விட்டுவிடுவதா? எலி தின்கிற உங்கள் ங்கோனி ஜனங்களிடம் இதுதான் வழக்கமோ என்னவோ. குரங்கு தின்னிகள் என்று நீங்கள் கேலி செய்கிற எங்கள் பெம்பா பெண்கள் அண்ணன் வீட்டுக்குப் போனால் கோழியோடு போவார்கள், கோபத்தோடு போகமாட்டார்கள்.

கிளம்பும்போது வாசலில் நின்று நீ சொன்னது இன்னும் என் முன்னால் நிற்கிறது. "அந்த ரேடியோவையே கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுங்க." நான் சொன்னதும் நிற்கிறது. "அது திருப்பிப் பேசாதுடி." இதை நான் சொல்லியிருக்க வேண்டாம். எழுதிவிட்டேன், இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

இந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். காலையில் சுரங்கத்திலிருந்து வந்து படுக்கையில் விழுந்து, பாட்டைப் போட்டேன். அரை மணி ஆகவில்லை, பக்கத்து வீட்டுக் கலும்பா அம்மா சுவரைக் கரண்டியால் தட்ட ஆரம்பித்துவிட்டாள். பிறகு வாசலுக்கே வந்தாள்.

"கசோண்டே, பொண்டாட்டி ஓடிட்டா, சரி. இப்ப நாங்களும் வீட்டைக் காலி பண்ணிட்டு ஓடணுமா?"

"ஏன், பாட்டு நல்லாயில்லையா?"

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுப்புல இருக்கிற பானையும் சேர்ந்து ஆடுதே!"

ஆகவே உன் விருப்பப்படியே செய்துவிட்டேன். சிசொகோனே சந்தையில் சிலுங்வே கடைக்குப் போய் ஒரு ஹெட்போன் வாங்கினேன். உள்ளதிலேயே பெரியது. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவன் போடுவது போல, இரண்டு காதையும் மூடிக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் ராஜா மாதிரி இருக்கிறது. படுத்தால்தான் தொல்லை. மல்லாந்து படுத்தால் பிணம் மாதிரி அசையாமல் கிடக்க வேண்டும். நான் வலது பக்கமாகத் திரும்பிப் படுக்கிறவன் என்று உனக்குத் தெரியும். திரும்பினால் அந்தக் கிண்ணம் காதைத் தலையணைக்குள் வைத்து அரைக்கிறது, தலைமேல் இருக்கிற வளைவு கழுத்தை ஒரு பக்கமாக நெம்புகிறது. உள்ளே வேர்வை வேறு. எழுந்து பார்த்தால் காது வெந்த தக்காளி.

போதாக்குறைக்கு இடது பக்கம் பாடவே இல்லை. புதுச் சாமான், பாதி செத்தது. சனிக்கிழமை கொண்டுபோய் அந்த சிலுங்வேயின் முகத்தில் எறியப்போகிறேன்.

நான் முயற்சி செய்தேன் என்பதைக் குறித்துக்கொள். எப்போது வருகிறாய்?

உன்
கசோண்டே


கபாட்டா, சிபாட்டா
1995 ஆகஸ்ட் 17

அன்புள்ள குரங்கு தின்னி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணி படித்துக் காட்டச் சொன்னாள். ஹெலிகாப்டர் வரியில் சிரித்துச் சிரித்து மாவுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். கடையில் நின்றுகொண்டு செருப்பு வாங்கலாம், நின்றுகொண்டு சட்டை வாங்கலாம். படுத்துக்கொண்டு போடப் போவதை நின்றுகொண்டு வாங்குவது என்ன புத்தி? எது பெரியது, எது பளபளப்பு என்று பார்க்காதீர்கள். எது தட்டையாக இருக்கிறது, எது கனமில்லை, காதில் படுகிற இடம் மிருதுவாக இருக்கிறதா, வயர் கழுத்தில் சுற்றிக்கொள்ளாத அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, படுத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ராத்திரி அவரா வந்து உங்கள் கழுத்தைப் பிடித்துவிடப் போகிறார்?

இங்கே எல்லாரும் சுகம். அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஆறு பிள்ளைகள், இப்போது அக்கா மகள் மடாலோவும். எஸ்னாத் அக்காவை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. அப்பாவும் இல்லாத ஏழு வயதுப் பிள்ளை, ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். என்னோடுதான் படுக்கிறாள். என் காது மடலை விரலால் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது. தூங்கின பிறகும் விடுவதில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், நான் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அப்படித்தானே? நான் பஸ் ஏறியது ரேடியோவுக்காக மட்டும்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நினைத்துக்கொண்டே இருங்கள்.

கபெந்தா கருவாட்டை அடுப்புக்கு மேலே தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். பூனைக்கு முன்னால் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

தியமிக்கே


வுசாகிலே
1995 ஆகஸ்ட் 22

தியமிக்கே,

உன் பேச்சைக் கேட்டு இந்தச் சந்தையில் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச மானமும் போயிற்று.

சனிக்கிழமை சிலுங்வே கடைக்குப் போய், "படுத்துப் பார்த்துத்தான் வாங்குவேன்" என்றேன். அவன் கடையில் ஒரு கோழி படுக்கக்கூட இடமில்லை. பக்கத்தில் பழைய துணி விற்கிறவள் மூட்டையைப் பிரித்துக் குவியலாகப் போட்டிருந்தாள். அதன் மேல் படுத்துவிட்டேன்.

"ஏம்ப்பா, துணி வாங்க வந்தியா, தூங்க வந்தியா?"

"ரெண்டு நிமிஷம்மா. காதுக்கு அளவு பார்க்கிறேன்."

"காதுக்கு அளவு பார்க்க முழு உடம்பையும் கொண்டாந்து போடுவாங்களா?"

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருத்தன், "செத்துட்டானா?" என்று கேட்டான். இன்னொருத்தன், "இல்ல, பெம்பாக்காரன், ஓய்வெடுக்கிறான்" என்றான். கட்டாயம் அவன் உங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் காது ஓட்டைக்குள் செருகுகிற சின்ன உருண்டைகளைக் கொடுத்தான். ஒன்று விழுந்து துணிக் குவியலுக்குள் போய்விட்டது. அதைத் தேடியதில் அந்த அம்மாவின் பாதி வியாபாரம் கலைந்தது. உள்ளே நிற்கும்படி அழுத்திச் செருகினால், திரும்பிப் படுத்ததும் ஆணி அடித்தாற்போல உள்ளே குத்துகிறது. வேண்டாம் என்றேன். அப்புறம் ஒன்று எடுத்தான். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. மெல்லிய கம்பி, இரண்டு பக்கமும் பிஸ்கட் அளவு தட்டை, அதன்மேல் கறுப்புப் பஞ்சு உறை. போட்டுக்கொண்டு வலது பக்கம் திரும்பினேன். தியமிக்கே, காதில் ஏதோ இருப்பதே தெரியவில்லை. அந்தத் துணி மூட்டை மேலேயே தூங்கியிருப்பேன்.

ஆனால் இதிலும் இடது பக்கம் செத்துக் கிடக்கிறது! எழுந்து சண்டைக்குப் போனேன். சிலுங்வே அதை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"ரெண்டு பக்கமும் பாடுதே அண்ணே."

"என்னை ஏமாத்தப் பார்க்கிறியா? போன தடவையும் இப்படித்தான் தலையைத் தலையை ஆட்டினே."

"போன தடவையும் ரெண்டு பக்கமும் பாடுச்சே."

துணிக்காரியும் மாட்டிப் பார்த்தாள். அவளும் பாடுகிறது என்றாள். இரண்டு பேரும் கூட்டு. பரவாயில்லை என்று வாங்கி வந்துவிட்டேன், ஒரு பக்கம் எனக்குப் போதும். ரேடியோவின் சத்தத் திருகைக் கடைசிவரை திருப்பி வைத்தால் அருமையாகக் கேட்கிறது. ஆனால் பார், ஹெட்போன் போட்டும் கலும்பா அம்மா கரண்டியால் தட்டுகிறாள். "உன் தலைக்குள்ள இருந்து பாட்டு கேக்குது" என்கிறாள்.

நீ ஏதோ கேட்டதாகவும் நான் பதில் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். என்ன கேட்டாய்? சத்தியமாக நினைவில்லை. கூரைத் தகரத்தைப் பற்றியென்றால், மழைக்கு முன்னால் மாற்றிவிடுவேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்குகிறது. கருவாட்டைப் பூனைதான் முதலில் கண்டுபிடித்தது.

கசோண்டே


கபாட்டா
1995 ஆகஸ்ட் 27

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றுப் பகல் முழுவதும் கையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். இந்தக் கடிதத்தில் குரங்கும் எலியும் வேண்டாம்.

இரண்டு ஹெட்போன்கள். இரண்டிலும் இடது பக்கம் மட்டும் செத்திருக்கிறது. கடைக்காரருக்குப் பாடுகிறது, துணிக்கார அம்மாவுக்குப் பாடுகிறது, உங்களுக்கு மட்டும் பாடவில்லை. என் வகுப்புப் பிள்ளை யாராவது இந்தக் கணக்கோடு வந்திருந்தால் பலகையில் போடாமலேயே விடை சொல்லியிருப்பேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். இடது பக்கத்துப் பஞ்சை வலது காதில் வையுங்கள். பாடினால், செத்திருப்பது ஹெட்போன் இல்லை.

இப்போது நான் என்ன கேட்டேன் என்று சொல்கிறேன்.

அக்காவின் அடக்கம் முடிந்து நாம் கிட்வே திரும்பின வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருந்தோம். எப்போதும் போல நான் சுவர்ப் பக்கம், உங்களுக்கு இடது கைப் பக்கம். நீங்கள் வலது பக்கமாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்டூலில் இருந்த ரேடியோவைப் பார்த்தபடி இருந்தீர்கள். வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததே அன்றைக்குத்தான். உங்கள் தோளுக்குப் பின்னால் வந்து கேட்டேன். "மடாலோவை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துரலாமா? நமக்குன்னு ஒண்ணும் பொறக்கலை. அவளுக்குன்னு யாரும் இல்லை." அப்படித்தான் கேட்டேன்.

நீங்கள் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

அதற்குப் பிறகு நான் உங்களிடம் சரியாகப் பேசவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. பிறகு எதற்கெடுத்தாலும் அந்த ரேடியோவின் மேல் பாய்ந்தேன். உங்கள் மேல் பாய்வதைவிட அது சுலபமாக இருந்தது.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எல்லாவற்றையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். சுவர்ப் பக்கத்திலிருந்து நான் சொன்னதெல்லாம். நீங்கள் "ம்" என்றதும், என்னவோ சம்பந்தமில்லாமல் பதில் சொன்னதும், சில நாள் ஒன்றுமே சொல்லாததும். வலது காது தலையணைக்குள். இடது காது என் பக்கம். கடவுளே, எத்தனை வருஷமாக நான் ஒரு மூடின கதவிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. காதைப் போய்க் காட்டுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தியமிக்கே


வுசாகிலே
1995 செப்டம்பர் 2

தியமிக்கே,

என் காதுக்கு ஒன்றும் இல்லை.

நீ இப்படியெல்லாம் எழுதாதே. இந்தக் கடிதங்கள் பண்டாவின் பஸ்ஸில் வருகின்றன. பண்டாவின் மச்சான் எங்கள் ஷிப்டில் இருக்கிறான். சுரங்கத்தை விற்கப் போகிறார்கள் என்று இங்கே எல்லா வாயிலும் பேச்சு. வாங்குகிறவன் முழு ஆட்களை மட்டும்தான் வாங்குவான். போன மாதம் கண் சரியில்லை என்று ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினார்கள், இன்று அவன் பெண்டாட்டி சாலையோரத்தில் தக்காளி விற்கிறாள். துளைக்கருவி பிடிக்கிறவனுக்குக் காது சரியில்லை என்று ஒரு வார்த்தை மேலே போனால் போதும்.

நீ கேட்டது என் காதில் விழவில்லை. விழாததற்கு என்ன பதில் சொல்வது?

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தலைமையாசிரியை உன்னைக் கேட்டார். வருவாள் என்று சொன்னேன்.

கசோண்டே


கபாட்டா
1995 செப்டம்பர் 8

அன்புள்ளவருக்கு,

தலைமையாசிரியைக்கு எழுதி இந்த மாதக் கடைசிவரை விடுப்பு வாங்கிவிட்டேன். இந்தக் கடிதம் பண்டாவின் பஸ்ஸில் வரவில்லை. அண்ணனின் சபைப் போதகர் கிட்வேக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போதகருக்குச் சுரங்கத்தில் மச்சான் கிடையாது, விசாரித்துவிட்டேன்.

கூட ஒரு பொட்டலம் இருக்கிறது. பிரித்தால் நீல நிறச் சித்தெங்கேத் துணியில் ஒரு பட்டை இருக்கும். என் பழைய இடுப்புத் துணியிலிருந்து வெட்டியது, பல தடவை துவைத்து மெத்தென்று ஆனது. இரண்டு காது வருகிற இடத்திலும் உள்ளே சின்னப் பை வைத்துத் தைத்திருக்கிறேன். உங்கள் பஞ்சு ஹெட்போனின் கம்பியைக் கழற்றிவிட்டு, தட்டையான அந்த இரண்டு பிஸ்கட்டையும் பைக்குள் செருகிவிடுங்கள். பட்டையை நெற்றியிலிருந்து காதை மூடி மாட்டிக்கொள்ளுங்கள். கம்பி இல்லை, கழுத்தை நெம்ப ஒன்றும் இல்லை. வயர் பின்னந்தலை வழியாகப் போகிற மாதிரி ஒரு ஓட்டை விட்டிருக்கிறேன். ஒரு பக்கம்தான் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் செருகுங்கள், அது உங்கள் இஷ்டம். இடது பக்கமாகத் திரும்பிப் படுத்துப் பாருங்கள், பாடுகிற காது மேலே இருக்கும். சத்தம் குறைவாக வைத்தாலே போதும்.

காதைப் பற்றி நான் இனி எழுதமாட்டேன்.

மடாலோவின் அப்பா வழி ஆட்கள் லுண்டாசியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் வந்து அவளைக் கூட்டிப் போவார்களாம். கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவள் அவர்களில் ஒருத்தரைக்கூடப் பார்த்ததில்லை. அண்ணி நல்லவள், இருந்தாலும் ஆறு பிள்ளைகளோடு ஏழாவது தட்டு வைக்கும்போது அவள் கை ஒரு நொடி நிற்பதை நான் பார்க்கிறேன். நேற்று மடாலோ தானாக வாய் திறந்து கேட்டாள். "சித்தி, லுண்டாசில பாய் நான் கொண்டு போகணுமா, அவங்களே குடுப்பாங்களா?"

அன்று படுக்கையில் கேட்டதைத் திரும்பவும் கேட்கிறேன். மடாலோவை நம் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா? மையால் கேட்கிறேன். இதற்கு மேல் ரேடியோவைக் கூட்டிப் பயனில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள். அதையும் நான் தாங்கிக்கொள்வேன். பதில் இல்லாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தியமிக்கே


வுசாகிலே
1995 செப்டம்பர் 18

என் தியமிக்கே,

இது நீளமான கடிதம். உட்கார்ந்து படி.

உன் பட்டையைப் போதகர் கொண்டு வந்து கொடுத்த அன்று நான் அதைப் பிரிக்கவே இல்லை. மேசைமேல் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். கோபம். உன்மேல் இல்லை.

அன்றைக்குக் கீழே நானும் என்னோடு வேலை செய்கிற லோம்பேயும் துளை போட்டுக்கொண்டிருந்தோம். துளைக்கருவியை நிறுத்திவிட்டு அடுத்த கம்பியை எடுக்கக் குனிந்தேன். அப்போது யாரோ பின்னாலிருந்து என் இடுப்பு வாரைப் பிடித்து இழுத்து மல்லாக்கத் தள்ளினார்கள். லோம்பேதான். எழுந்து அவனை அடிக்கப் போனேன். நான் குனிந்திருந்த இடத்தில் மேலேயிருந்து விழுந்த ஒரு பாறைப் பலகை கிடந்தது, நம் வீட்டுக் கதவு அகலத்துக்கு. தூசி அடங்கியதும் லோம்பே கத்தினான்.

"எத்தனை வாட்டிடா கத்தறது உன்னை? தொண்டை கிழியக் கத்தறேன், நீ பாட்டுக்குக் குனியறே!"

"கேக்கலை லோம்பே."

"பாறை முனகினது? அதுவுமா கேக்கலை?"

அதுவும் கேட்கவில்லை. தியமிக்கே, நாங்கள் காதுக்குள் அடைப்பான் வைக்காமல் வேலை செய்வதே விழுவதற்கு முன்னால் பாறை முனகுவதைக் கேட்கத்தான். கேட்டுக்கேட்டே அந்தக் காதைத் தொலைத்திருக்கிறேன். லோம்பேவுக்கு நாலு பிள்ளைகள். என்னை இழுக்க வந்தபோது அவன் நின்ற இடமும் பாதுகாப்பான இடம் இல்லை. அதுதான் என்னை மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு போயிற்று. உன் கடிதம் போதவில்லை என்று நினைக்காதே. அது பாதி தூரம் கொண்டுபோயிருந்தது.

அங்கே ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. உள்ளே உட்கார வைத்துக் காதில் ஒன்றை மாட்டினார்கள். நான் இதுவரை போட்டதிலேயே அதுதான் வசதியான ஹெட்போன், நம்பு. கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் நர்ஸ். வலது பக்கம் சில தடவை தூக்கினேன். இடது பக்கம் வைத்தபோது இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஆரம்பித்து முடிந்தும் விட்டது என்று.

டாக்டர் சின்னப் பெண், உன் தங்கை வயது இருக்கும். பக்கத்தில் எப்போதாவது வெடி வெடித்ததா என்று கேட்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெடிமருந்து வைத்த ஒரு குழி தாமதமாக வெடித்ததே, நினைவிருக்கிறதா, இடது பக்கம் முழுக்கச் சட்டை கிழிந்து வந்தேனே. அதுவும், அதன்மேல் வருஷக்கணக்கான துளைக்கருவியும். இடது காது ஏறக்குறைய போய்விட்டது, திரும்பி வராது. வலதிலும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாள். பிறகு கேட்டாள், "உள்ள ஏதாவது சத்தம் கேக்குதா?"

இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. என் தலைக்குள் ஒரு சில்வண்டு இருக்கிறது. வெளியே சத்தம் இருக்கும்போது தெரியாது. எல்லாம் அடங்கி, நீயும் அடங்கி, படுக்கையில் தலையைச் சாய்த்ததும் அது ஆரம்பிக்கும். நிற்காது. பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன். என் சித்தப்பா ஒருவர் கடைசிக் காலத்தில் குரல்கள் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. பாட்டைப் போட்டால் சில்வண்டு மறையும். அது ஏற ஏற நானும் திருகை ஏற்றினேன்.

டாக்டர் சிரித்துவிட்டாள். பைத்தியம் இல்லையாம், துளைக்கருவி பிடிக்கிற பாதிப் பேருக்கு இந்தப் பூச்சி இருக்கிறதாம், ஒருத்தனும் சொல்வதில்லையாம். பாட்டுப் போடுவது தப்பே இல்லை, ஆனால் பூச்சியை மூழ்கடிக்கப் பார்க்காதீர்கள், அதன் பக்கத்தில் மெதுவாக ஓடவிட்டால் போதும் என்றாள். இன்னும் இப்படியே திருகினால் வலது காதும் போகும் என்றாள்.

வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும் என்று டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டேன். ஷிப்டுத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கீழ இனி உன்னை அனுப்பமாட்டேன் கசோண்டே. விளக்கறையில ஒரு ஆள் வேணும். போறியா?" போகிறேன் என்றேன். இனி மேலே உட்கார்ந்து, இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு கொடுத்து வாங்குவதுதான் வேலை. சம்பளம் குறையும். துளைக்காரன் என்ற கர்வமும் குறையும். முதல் நாள் பையன்கள் கவுண்டரில் நின்று, "தாத்தா, விளக்கு" என்றார்கள். எனக்கு நாற்பத்துமூன்று வயது! ஆனால் விளக்கறையில் எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும்தான். பகலில் தூங்கி ஊரோடு சண்டை போட வேண்டாம். சுரங்கத்தை வாங்குகிறவன் விளக்கறைத் தாத்தாவை வைத்துக்கொள்வானா என்று தெரியாது. அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் உன் பொட்டலத்தைப் பிரித்தேன். நீ சொன்னபடியே கம்பியைக் கழற்றி, வலது பக்கத்துக்கு மட்டும் ஒன்றைச் செருகினேன். இடது பக்கமாகத் திரும்பிப் படுத்தேன். தலையணைக்கும் காதுக்கும் நடுவே உன் துணி மட்டும்தான். திருகைக் கால் பங்குகூடத் திருப்பவில்லை. கலிந்துலாப் பாட்டின் கித்தார் ஒன்று எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல வந்தது. சில்வண்டு இருந்தது, ஆனால் ஓரமாக. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் கலும்பா அம்மா கதவைத் தட்டி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டாள். சத்தம் வராததால் பயந்துவிட்டாளாம்.

இடது பக்கம் படுத்தால் என் முகம் சுவரைப் பார்த்து இருக்கிறது. அதாவது நீ படுக்கிற இடத்தை. இத்தனை வருஷம் நான் பார்த்துக்கொண்டு படுத்தது ஒரு ஸ்டூலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு நினைவிருக்கிறது. நீ சொன்னது கேட்கவில்லை. ஆனால் என் பிடரியில் உன் மூச்சு பட்டது. சூடாக, விட்டு விட்டு. தூக்கத்தில் பெருமூச்சு விடுகிறாய் என்று நினைத்தேன். அக்காவை நினைத்து அழுகிறாயோ என்றும் நினைத்தேன். எனக்கு எப்படி ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. சில்வண்டும் ஏறிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பாட்டைக் கூட்டினேன். நடந்தது அவ்வளவுதான். அந்த மூச்சில் மடாலோ இருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் உன் கேள்விக்குப் பதிலை முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எழுதுவதற்கு முன்னால். "கூட்டிட்டு வா தியமிக்கே, ரெண்டு பேரும் வாங்க." எனக்குத் தெரியாமலே கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கலும்பா அம்மா கத்தினாள்.

"அவ சிபாட்டாவுல இருக்கா! எங்கிட்டச் சொல்லி என்ன பண்றது? எழுதிப் போடு!"

எழுதிவிட்டேன். லுண்டாசி ஆட்கள் வருவதற்கு முன்னால் கிளம்பு. அவர்களுக்கும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அண்ணன் கையால் கொடுக்கட்டும். பிள்ளையிடம் பாய் கொண்டுவர வேண்டாம் என்று சொல். ஸ்டூலும் ரேடியோவும் இருந்த மூலையைக் காலி செய்துவிட்டேன், லோம்பே பலகை கொண்டு வந்தான், நாளைக்குக் கட்டில் நிற்கும்.

அவள் என்ன சாப்பிடுவாள் என்று எழுது. எலி என்று மட்டும் எழுதாதே.

உன்
கசோண்டே


கபாட்டா
1995 செப்டம்பர் 24

என் அன்பானவருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் தனியாகப் படித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மடாலோவுக்குப் படித்துக் காட்டினேன். பாறை விழுந்ததை விட்டுவிட்டேன். கட்டில் வந்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"கட்டில் யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்."

பிறகு எழுந்து போய்த் தன் தட்டையும் அக்காவின் மஞ்சள் சால்வையையும் எடுத்து வந்து என் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள், பிறகு சமையலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. லுண்டாசி ஆட்களுக்கு நீங்கள் எழுதியதை அண்ணன் தானே கொண்டுபோகிறார். அவர்கள் ஒத்துக்கொள்வார்கள், விடுமுறைக்கு ஒரு முறை பிள்ளையைக் காட்ட வேண்டும் என்று கேட்பார்கள் என்கிறார். காட்டுவோம்.

மடாலோ நிலக்கடலை போட்ட கீரை சாப்பிடுவாள், பூசணி சாப்பிடமாட்டாள். எலி சாப்பிடுவாள். சமாளித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காதைப் பற்றி அவளிடம் சொன்னேன். சொல்லாமல் கூட்டி வந்தால், கூப்பிட்டும் திரும்பாத மனிதர் என்று அவளும் நினைத்துக்கொள்வாள், என்னைப் போல. மிகக் கவனமாகக் கேட்டாள். எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று கேட்டு, தன் கையை உயர்த்தி, இதுதானே வலது என்று உறுதி செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் ஏறுகிறோம், வெள்ளிக்கிழமை மத்தியானம் கிட்வேயில் இருப்போம். விளக்கறையிலிருந்து நேராக பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே தள்ளுவண்டிச் சத்தமும் கூவி அழைக்கிறவர்களும் உங்களைக் குழப்புவார்கள். கூட்டத்துக்குள் எங்களைத் தேடி அலையாதீர்கள். டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் ஒரே இடத்தில் நில்லுங்கள். நாங்கள் உங்கள் வலது பக்கமாக வந்து கூப்பிடுகிறோம்.

தியமிக்கே